தோட்டத்துக் கொட்டகைக்குள் தினமும் தண்ணீர் சொட்டுகிறது, உதவுங்கள்

செம்பருத்தி:
அவசரம். தோட்டச் சாமான் வைக்கும் கொட்டகைக்குள் காலையில் திறந்தால் மேலிருந்து சொட்டுகிறது. மழை இல்லை, ஒழுகலும் இல்லை. கத்தரி, மண்வெட்டி எல்லாம் துரு. 3 வருடமாகச் சேர்த்த விதைப் பொட்டலங்கள் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பார்க்கவே மனம் கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

மண்புழு:
கூரை தகரமா, ஓடா? தரை மண்ணா, சிமெண்டா? காற்று போக வழி இருக்கிறதா? இதைச் சொல்லாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

கரிச்சான்:
எதுவானாலும் சரி, 4 பை அடுப்புக்கரி கட்டித் தொங்கவிடுங்கள். மூலையில் ஒரு வாளி கல்லுப்பு. நான் பல வருடமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மூத்ததச்சர்:
இதே கேள்வி இங்கே எத்தனை தடவை வந்துவிட்டது! கேட்பதற்கு முன் பழைய இழைகளை ஒரு முறை புரட்டிப் பார்க்கக் கூடாதா? சரி, சொல்கிறேன். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரிக்கு இறங்கினால் 13 கிராம்தான். மிச்சம் குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படியும். தெளிந்த வானமுள்ள இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய செம்பு வெளியே வேர்க்கிறதே, அதேதான். உங்கள் கூரை தகரம் என்பதைக்கூட நானே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

செம்பருத்தி:
மன்னிக்கவும் ஐயா. தகரம்தான், தரை சிமெண்ட். ஜன்னல் இல்லை. ஈரம் வரக்கூடாதென்று போன மாதம் எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டேன்.

மண்புழு:
அதுதான் வினை. உள்ளே சேர்ந்த ஈரம் எந்த வழியாகப் போகும்? ஒரு சுவரில் தரைக்குப் பக்கத்தில், எதிர்ச்சுவரில் கூரைக்குக் கீழே, வலை போட்ட துளைகள் வையுங்கள். நனைந்த குழாய், ஈரச் சாக்கு எதையும் உள்ளே போட்டுப் பூட்டாதீர்கள்.

செங்கல்:
கரிச்சான் அண்ணா, இரும்புச் சாமான் பக்கத்தில் உப்பு வைக்கச் சொல்லாதீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு கரையத் தொடங்கும். கரைந்த உப்புநீர் பட்டால் துரு இன்னும் வேகமாக ஏறும்.

கரிச்சான்:
என் மண்வெட்டி துருப்பிடிக்கவில்லையே தம்பி.

செங்கல்:
உங்கள் கொட்டகையில் காற்றோட்டம் இருந்திருக்கும். பெயர் உப்புக்குப் போகிறது.

கரிச்சான்:
அப்படியானால் கால்சியம் குளோரைடு வாங்கி வைக்கச் சொல்லுங்கள், அது மட்டும் உப்பு இல்லையா?

செங்கல்:
உப்புதான். வேகமாக இழுக்கும், ஆனால் அதுவும் தண்ணீராகி வழியும். தட்டு நிரம்பி வழிந்தால் அதே கதை.

புதினா:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஈரம் தரையிலிருந்து வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை. செம்பருத்தி, ஒரு முழ நீள அகலத்துக்குப் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அடிப்பக்கம் நனைந்தால் தரை ஈரத்தை உறிஞ்சி மேலே விடுகிறது. மேல்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம்.

செம்பருத்தி:
பார்த்தேன். தாளுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர், சிமெண்ட் கறுத்திருக்கிறது. மேல்பக்கம் காய்ந்துதான் இருந்தது.

புதினா:
அப்போது முதல் வேலை தரைதான். கனமான பாலித்தீனைச் சுவர் ஓரம் கொஞ்சம் மடங்கி ஏறும்படி விரித்து, மேலே பலகை போடுங்கள். சாமான்களைச் சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். அப்புறம் தகரத்தின் அடியில் தெர்மோகோல் அட்டை. இடைவெளி விட்டால் ஈரக்காற்று அந்த வழியாகத் தகரத்தைத் தொட்டுவிடும், மூட்டுகளை டேப்பால் மூடுங்கள். தப்பிய விதைகளை நிழலில் காயவைத்து, சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான பாட்டிலில் போட்டு வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

மூத்ததச்சர்:
தரையைக் கேட்டது சரியான கேள்வி. நானும் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

செம்பருத்தி:
தரை முடிந்தது, துளைகளும் போட்டாயிற்று. அட்டை இன்னும் ஒட்டவில்லை. இன்று காலை தகரத்தில் கை வைத்தேன், லேசான ஈரம் மட்டும், சொட்டவில்லை. நனைத்த துணியில் போட்ட விதைகளில் 6 முளைத்திருக்கின்றன. நன்றி.