புதுப்பிப்பு: ஹெட்ஜிங் நஷ்டமும் எங்கள் மேலாளர்களும்

எரிபொருள் ஹெட்ஜிங்கில் (முன்கூட்டியே விலை பேசி வைப்பதில்) வந்த நஷ்டத்தால் எங்கள் விமான நிறுவனத்தில் மேலாளர் பதவிகளைக் குறைக்கப் போகிறார்கள் என்று போன வாரம் எழுதியபோது, "மேலே இருப்பவர்களைத்தானே தூக்குகிறார்கள், நமக்கென்ன" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

பட்டியல் வந்துவிட்டது. போனவர்கள் பெரும்பாலும் நடுவில் இருந்தவர்கள்: ஷிப்ட் போடுபவர், உதிரிபாகத்துக்குக் கையெழுத்திடுபவர். இப்போது ஒரு ஷிப்ட்டை மாற்ற யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. எரிபொருள் முடிவுகளை எடுத்த மாடியில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

அது என்ன ஹெட்ஜிங் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பின்னால் வாங்கப்போகும் எரிபொருளுக்கு இன்றே விலை பேசி வைப்பதுதான். விலை ஏறினால் தப்பித்தோம். இறங்கினால் வித்தியாசம் நம் கையைக் கடிக்கும். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலர் வரை போன கச்சா எண்ணெய், அதே வருடம் டிசம்பரில் 40 டாலருக்குக் கீழே விழுந்தது. உச்சத்தில் விலை பேசியவர்கள் நன்றாக மாட்டினார்கள். ஹாங்காங் விமான நிறுவனமான கேத்தே பசிபிக் 2016இல் ஹெட்ஜிங்கில் மட்டும் 800 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் இழந்தது. 2017 மே மாதம் சுமார் 600 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது.

ஹெட்ஜிங் செய்ததே தப்பு என்று சொல்ல வரவில்லை. விலை ஏறியிருந்தால் நாங்களே கைதட்டியிருப்போம். எத்தனை வருடத்துக்கு, எரிபொருளில் எவ்வளவு பங்குக்கு அப்படி விலையைப் பூட்டினார்கள் என்பதுதான் கேள்வி. அதைக் கேட்டால் "சந்தை நிலவரம்" என்கிறார்கள். சரி, வியாழக்கிழமை தொழிற்சங்கக் கூட்டம் இருக்கிறது. அங்கேயும் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.