வீட்டுக்குள் எடுக்கும் குழந்தைப் படங்கள் மட்டும் கலங்குகின்றன – காம்பாக்ட் கேமரா, உதவி தேவை

இழை தொடங்கியவர்:

வணக்கம். சட்டைப்பைக்குள் அடங்கும் காம்பாக்ட் கேமரா ஒன்று பயன்பாட்டில் இருக்கிறது. 12 மெகாபிக்சல், 8 மடங்கு ஜூம். லென்ஸ் வளையத்தில் 5.0–40.0 மி.மீ., 1:3.3–5.9 என்று பொறித்திருக்கிறது. பகலில் வெளியே எடுத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குள் இரண்டு வயதுக் குழந்தையை எடுத்தால் பத்துக்கு எட்டு படம் கலங்கல். ஃப்ளாஷ் போட்டால் கலங்கல் போய்விடுகிறது, ஆனால் கண் சிவக்கிறது, படம் முழுக்க வெள்ளை வட்டங்கள் மிதக்கின்றன.

இதுவரை செய்து பார்த்தவை: கை நடுக்கத் தடுப்பு ஆன். படத் தரம் உச்சத்தில். கார்டை ஃபார்மேட் செய்தாயிற்று. எப்போதும் ஆட்டோ மோடுதான். லென்ஸ் போய்விட்டதா, கேமராவையே மாற்ற வேண்டுமா?

பாதியழுத்து:

கார்டுக்கும் கலங்கலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கார்டு கெட்டால் படம் பாதியில் சாம்பல் நிறமாக வெட்டுப்படும், அல்லது திறக்கவே திறக்காது. மங்கலாகப் பதிவாகாது.

கலங்கல் என்பது ஒரே நோய் அல்ல. கெட்டுப்போன படங்களில் மூன்றைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாப் பொருளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. தரையும் சுவரும் தெளிவாக இருந்து குழந்தை மட்டும் இழுபட்டிருந்தால் குழந்தை அசைந்திருக்கிறது. குழந்தைக்குப் பின்னால் இருப்பது தெளிவாகவும் முகம் மட்டும் மென்மையாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. மொத்தப் படமும் பால் ஊற்றியது போல வெளிறி, விளக்கைச் சுற்றி ஒளி பரவியிருந்தால் லென்ஸில் விரல்ரேகை.

கூடவே ஒவ்வொரு படத்துக்கும் நான்கு எண்கள் வேண்டும்: ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), எஃப் எண் (லென்ஸ் விடும் ஒளியின் அளவு; எண் பெரிதானால் ஒளி குறைவு), ஐ.எஸ்.ஓ. (ஒளிக்குக் கேமராவின் உணர்திறன்), குவியத்தூரம் (மி.மீ. கணக்கில், ஜூம் எவ்வளவு என்பது). கணினியில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து பண்புகளுக்குள் விவரங்கள் பகுதியைத் திறந்தால் நான்கும் இருக்கும். அவை இல்லாமல் ஆலோசனை சொல்வது நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதுதான்.

இழை தொடங்கியவர்:

பார்த்துவிட்டேன்.

படம் 1: மாலை, கூடம், ஒரு விளக்கு. 1/10 நொடி, எஃப் 5.7, ஐ.எஸ்.ஓ. 400, 30 மி.மீ. தரை ஓடுகள் ஓரளவு தெளிவு, குழந்தையின் முகமும் கையும் இழுபட்டிருக்கின்றன.

படம் 2: அதே இடம், ஃப்ளாஷுடன். 1/60, எஃப் 3.3, ஐ.எஸ்.ஓ. 200, 5 மி.மீ. தெளிவு, ஆனால் சிவந்த கண், ஏழெட்டு வெள்ளை வட்டங்கள்.

படம் 3: பகல், ஜன்னல் ஓரம். 1/200, எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 80, 10 மி.மீ. முகம் மங்கல், பின்னால் உள்ள அலமாரி கண்ணாடி போலத் தெளிவு.

நிழல்கணக்கு:

லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று படத்துக்கும் மூன்று வேறு காரணங்கள்.

முதல் படத்தில் குற்றவாளி ஜூம். உங்கள் லென்ஸில் 5 மி.மீ. என்பது ஜூமே போடாத அகலக் கோணம். 30 மி.மீ. என்றால் ஆறு மடங்கு ஜூம் போட்டிருக்கிறீர்கள், அதாவது கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்து எடுத்த படம். லென்ஸ் வளையத்தில் உள்ள 3.3–5.9 என்பதன் பொருள் இதுதான்: ஜூம் போகப் போக உள்ளே படத்தில் விழும் வெளிச்சம் குறைகிறது. எஃப் 5.7-ஐ 3.3-ஆல் வகுத்து இருமடி எடுத்தால் ஏறக்குறைய 3 வரும். ஜூம் போட்ட நொடியே வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டீர்கள். அதை ஈடுகட்ட ஷட்டரை 1/10 நொடி திறந்து வைக்க வேண்டியதாயிற்று. 1/10 நொடியில் குழந்தையின் கை ஒரு சாண் நகர்ந்துவிடும்.

நடுக்கத் தடுப்பு உங்கள் கையின் ஆட்டத்தை மட்டும் சரிக்கட்டும். எதிரில் இருப்பவரின் அசைவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தரை ஓடு தெளிவாக இருந்ததே அதற்குச் சாட்சி. இன்னொன்று: 8 மடங்கைத் தாண்டியும் ஜூம் போகிறது என்றால் அது டிஜிட்டல் ஜூம், நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. மெனுவில் அணைத்துவிடுங்கள்.

இனி கணக்கு. அதே கூடம், அதே விளக்கு.
ஜூமை முழுக்க விலக்கினால்: 1/10 → 1/30
ஐ.எஸ்.ஓ. 400-லிருந்து 800: 1/30 → 1/60
இன்னொரு விளக்கைப் போட்டு வெளிச்சத்தை இரட்டித்தால்: 1/60 → 1/125

உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு 1/125 போதும். ஓடுகிற குழந்தைக்கு 1/250 வேண்டும், அப்போது ஐ.எஸ்.ஓ. 1600. விளக்கிலிருந்து குழந்தை இருக்கும் தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு என்பதும் நினைவிருக்கட்டும். விளையாட்டுச் சாமான்களை விளக்குக்கு அருகே நகர்த்தினால் குழந்தை தானாக வந்துவிடும். அது எந்த மெனுவையும் விடச் சுலபம்.

ஆட்டோ மோடு குழந்தை அசைகிறதா இல்லையா என்று கவலைப்படாமல் ஐ.எஸ்.ஓ.-வை 400-ஓடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. டயலை பி-க்கு (P, ஐ.எஸ்.ஓ.-வை நாமே வைக்கவிடும் புரோகிராம் மோடு) திருப்பி ஐ.எஸ்.ஓ. 800 வைத்துக்கொள்ளுங்கள். பி இல்லாத கேமராக்களில் காட்சி மோடுகளுக்குள் குழந்தைகள், செல்லப்பிராணிகள் என்று ஒன்று இருக்கும். அதுவும் ஷட்டரை விரைவாக வைக்கத்தான் பார்க்கும். இரவுக் காட்சி மோடுக்கு மட்டும் போகாதீர்கள். அது நேர் எதிர் வேலை, ஷட்டரை வேண்டுமென்றே நீட்டும்.

மூன்றாவது படம் ஃபோகஸ் தவறு. 1/200-இல் முகம் இழுபட வழியில்லை. முகத்தை ஒரு பக்கம் ஒதுக்கி எடுத்திருப்பீர்கள், கேமரா நடுவில் இருந்த அலமாரியைப் பிடித்துக்கொண்டது. அலமாரிக்கு நேர்கோடுகளும் விளிம்புகளும் அதிகம், ஃபோகஸுக்கு அதுதான் தீனி. முகமறிதல் இருந்தால் ஆன் செய்யுங்கள். குழந்தை பக்கவாட்டில் திரும்பினால் அது கோட்டைவிடும். அதற்கு ஃபோகஸ் கட்டத்தை நடுப்புள்ளி என்று வைத்து, முகத்தை நடுவில் கொண்டுவந்து பட்டனைப் பாதி அழுத்துங்கள். கட்டம் பச்சையானதும் விடாமல் சட்டகத்தை நகர்த்தி மீதியை அழுத்துங்கள்.

பாதியழுத்து:

பாதி அழுத்தில் இன்னொரு லாபமும் உண்டு. பட்டனை ஒரே மூச்சில் அழுத்தினால் கேமரா அப்போதுதான் ஃபோகஸ் தேட ஆரம்பிக்கும். வெளிச்சம் குறைந்த அறையில் அந்தத் தேடலுக்கே அரை நொடிக்கு மேல் போகும், சிரிப்பு முடிந்த பிறகு படம் விழும். முன்கூட்டியே பாதி அழுத்திக் காத்திருந்தால் தாமதம் பெரும்பாலும் தெரியாது. ஆனால் பூட்டிய பிறகு குழந்தை உங்களை நோக்கி நகர்ந்தால் மறுபடி அழுத்த வேண்டும்.

ஃபோகஸ் உதவிக்காக முன்பக்கம் ஒரு சிறு ஆரஞ்சு விளக்கு எரியும். இடது கை விரல் அதை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டு அறையில் ஃபோகஸ் பிடிக்கவில்லை என்ற புகார்களில் ஒரு பங்கு இந்த விரல்தான்.

பழையலென்ஸ்:

வெள்ளை வட்டங்கள் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது காற்றில் மிதக்கும் தூசி. காம்பாக்டில் ஃப்ளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்கிறது. லென்ஸுக்குச் சில செ.மீ. முன்னால் மிதக்கும் துகள் மேல் ஃப்ளாஷ் முழு வீச்சில் அடித்துத் திரும்பி நேரே லென்ஸுக்குள் வருகிறது. அவ்வளவு அருகில் ஃபோகஸ் இல்லாததால் புள்ளி வட்டமாக ஊதிவிடுகிறது. பேயும் இல்லை, கேமராக் கோளாறும் இல்லை. உறுதி செய்ய, அசையாமல் மூன்று படம் தொடர்ந்து எடுங்கள். வட்டங்கள் இடம் மாறினால் தூசி. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறை இருந்தால்தான் லென்ஸையோ சென்சாரையோ (உள்ளே படத்தைப் பதியும் சில்லு) சந்தேகிக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் கருப்பாகத்தான் தெரியும். மெத்தை உதறியதும், பெருக்கியதும், போர்வையில் குழந்தை குதித்ததும் எடுத்தால் வட்டங்கள் வந்தே தீரும். பத்து நிமிடம் கழித்து எடுங்கள்.

சிவந்த கண்ணும் அதே நெருக்கத்தின் விளைவு. இருட்டில் விரிந்த கண்மணி வழியாக ஒளி உள்ளே போய், விழித்திரையின் இரத்தக்குழாய் நிறத்தோடு அதே வழியில் திரும்புகிறது. அறை விளக்குகள் எல்லாவற்றையும் போட்டால் கண்மணி சுருங்கும், சிவப்பும் குறையும். சிவப்புக் குறைப்பு மோடு முன்கூட்டி ஒரு மின்னல் விட்டு அதே வேலையைச் செய்கிறது. ஆனால் அதனால் ஏறக்குறைய ஒரு நொடி தாமதம். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நொடி மிக நீளம். அதை அணைத்துவிட்டு, பிறகு கேமராவிலேயே உள்ள சிவப்புக்கண் திருத்தத்தைப் பயன்படுத்துவது மேல்.

ஃப்ளாஷின் மேல் காகிதமும் துணியும் ஒட்டச் சொல்வார்கள். ஒளி குறையுமே தவிர நிழல் மென்மையாகாது, ஏனென்றால் ஒளி வரும் பரப்பு அதே நகக்கண் அளவுதான். மெனுவில் ஃப்ளாஷ் ஈடு (ஃப்ளாஷ் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள அமைப்பு) -2/3 வைத்தால் முகம் வெளிறுவது இதைவிட ஒழுங்காகக் குறையும். கைக்குழந்தை என்றால் ஃப்ளாஷ் கண்ணிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கையேடுகளே சொல்லும் எச்சரிக்கை இது.

இழை தொடங்கியவர்:

அனைவருக்கும் நன்றி. ஜூமை விலக்கிவிட்டுக் கிட்டப் போனேன். பி மோடு, ஐ.எஸ்.ஓ. 800, இரண்டு விளக்கு. ஷட்டர் 1/100 முதல் 1/125 வரை வந்தது. பத்துக்கு ஏழு தெளிவு. இரண்டு சந்தேகங்கள்: (1) கிட்டப் போனால் மூக்கு பெரிதாகத் தெரிகிறது. (2) ஐ.எஸ்.ஓ. 800-இல் மணல் தூவியது போல இருக்கிறது.

நிழல்கணக்கு:

மூக்கு: அரை மீட்டருக்குப் போயிருப்பீர்கள். ஒன்று முதல் ஒன்றரை மீட்டரில் நில்லுங்கள், அகலக் கோணத்திலேயே எடுங்கள், பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் என்பது 4000 × 3000. நீளத்திலும் உயரத்திலும் பாதியை வெட்டினாலும் 2000 × 1500 மிஞ்சும். 4 × 6 அங்குலப் பிரதிக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் தேவை 1800 × 1200 மட்டுமே.

மணல்: உங்கள் சென்சார் சுமார் 6.2 × 4.6 மி.மீ. இருக்கும், இந்த வகைக் கேமராக்களில் மிகப் பரவலான அளவு அதுதான். அந்தச் சிறு பரப்பில் 12 மில்லியன் புள்ளிகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் விழும் ஒளி துளியளவுதான். ஆகவே மணல் இருக்கத்தான் செய்யும். முழு அளவில் பெரிதாக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒரு பிரதி போட்டுப் பாருங்கள், பாதி மறைந்திருக்கும். மணல் உள்ள தெளிவான படத்தைப் பின்னால் ஏதாவது செய்து தேற்றலாம். இழுபட்ட முகத்தை மீட்க வழியே இல்லை. 1600-ஐ மட்டும் ஓடுகிற குழந்தைக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

பழையலென்ஸ்:

ஐ.எஸ்.ஓ. 1600-க்கு நான் போகமாட்டேன். அந்தச் சென்சாரில் 1600 வைத்தால் கேமரா மணலைத் துடைக்கிறேன் என்று தலைமுடியையும் புருவத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும், முகம் மெழுகாகும். அதற்கு ஃப்ளாஷே தேவலை. ஃப்ளாஷின் மின்னல் 1/1000 நொடிக்கும் குறைவானது. படம் 2-இல் ஷட்டர் 1/60 என்று இருந்தும் தெளிவாக வந்தது அதனால்தான்.

நிழல்கணக்கு:

ஓடும் குழந்தைக்கு ஒப்புக்கொள்கிறேன். உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு இல்லை. ஃப்ளாஷ் அடித்த அறை குகை மாதிரி ஆகிவிடும், முகம் மட்டும் வெளுத்து நிற்கும்.

இழை தொடங்கியவர்:

ஒட்டுக்கேள்வி ஒன்று. பேட்டரியைக் கழற்றி வைத்தால் அடுத்த முறை தேதி ஜனவரி 1-க்குப் போய்விடுகிறது. ஒரு பிறந்தநாள் படங்கள் முழுக்கத் தவறான தேதியில் கிடக்கின்றன.

பாதியழுத்து:

கடிகாரத்துக்கென்று உள்ளே ஒரு சிறு மின்கலம் தனியாக உண்டு. பெரும்பாலான கேமராக்களில் அது பெரிய பேட்டரியிலிருந்தே சார்ஜ் ஏறும். முழு சார்ஜ் உள்ள பேட்டரியைப் போட்டு ஒரு நாள் அப்படியே விடுங்கள், பிறகு தேதியை வையுங்கள். அதன் பிறகும் பேட்டரியைக் கழற்றிய சில நிமிடங்களிலேயே மறந்தால் அந்தக் கலம் செத்துவிட்டது. அது போர்டில் பற்றவைத்த பாகம், நீங்களாகத் திறக்காதீர்கள். ஃப்ளாஷ் மின்தேக்கியில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும், அணைத்த பிறகும். சில பழைய மாடல்களில் மட்டும் சிஆர்1220 பட்டன் செல்லுக்கு ஒரு சிறு தட்டு இருக்கும். பேட்டரி அறைக்குள் எட்டிப் பாருங்கள். இருந்தால் ஐந்து நிமிட வேலை.

தவறான தேதிப் படங்களை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டாம். கடிகாரம் தவறான இடத்திலிருந்து தொடங்கினாலும் ஓட்டம் சரிதான், ஆகவே எல்லாப் படத்துக்கும் ஒரே வித்தியாசம். கேக் வெட்டிய நேரம் தெரியும் அல்லவா, அந்தப் படத்தின் பதிவு நேரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். எக்ஸிஃப்டூல் போன்ற மென்பொருளில் அந்த இடைவெளியைக் கொடுத்தால் மொத்தத் தொகுதியையும் ஒரே தடவையில் நகர்த்திவிடும். அதற்கு முன் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் அதற்குப் பிந்தைய படங்களுக்கு வித்தியாசம் வேறாக இருக்கும், தனியாகக் கணக்கிட வேண்டும்.

இழை தொடங்கியவர்:

எட்டிப் பார்த்தேன், பட்டன் செல் தட்டு இல்லை. முழு சார்ஜ் பேட்டரியைப் போட்டு வைத்திருக்கிறேன். நாளை மாலை கழற்றிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

பழையலென்ஸ்:

கழற்றி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், அது போதும். படக்கோப்பு எண் தொடர்ச்சி என்று மெனுவில் இருப்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அது மறுதொடக்கம் என்று இருந்தால் ஒவ்வொரு ஃபார்மேட்டுக்குப் பிறகும் எண் 0001-லிருந்து வரும். கணினியில் அதே அடைவுக்குள் இழுத்துப் போட்டு, மாற்றவா என்று கேட்கும்போது யோசிக்காமல் ஆம் என்றால் பழைய படங்கள் காலி.