புதுப்பிப்பு: பாஸ்ட்ராப் கவுண்டியில் நிலம் வாங்கிவிட்டோம்

டெக்சாஸின் பாஸ்ட்ராப் கவுண்டி தற்சார்பு வாழ்க்கைக்கு ஒத்துவருமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாங்கிவிட்டோம், ஆனால் முதலில் பார்த்த இடத்தை அல்ல. "விலை பேசும் முன் ஃபீமா (அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை முகமை) வெள்ள வரைபடத்தைப் பாருங்கள்" என்ற யோசனைதான் காப்பாற்றியது. அந்த ஆற்றோர நிலத்தில் பாதி வெள்ளப் பகுதிக்குள் இருந்தது. பைன் காட்டை ஒட்டிய இன்னொன்றையும் விட்டுவிட்டோம். 2011 காட்டுத்தீயில் இங்கே 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்திருக்கின்றன.

எதிர்பாராதது கிணறு விஷயம். ஆழ்துளைக் கிணறு இருந்தால் தண்ணீர்க் கவலையே இல்லை என்று நினைத்தேன். கரண்ட் போனால் மோட்டார் ஓடாதே! 2021 பிப்ரவரி கடுங்குளிரில் பழைய உரிமையாளர் அப்படித்தான் தவித்தாராம். அதனால் மழைநீர்த் தொட்டியும் வைக்கிறோம்: 1,000 சதுர அடி கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 600 கேலன். தொட்டி மேட்டில் இருப்பதால் மோட்டார் வேண்டாம்.