மிஸ்டி ஸ்டெப் போட்ட அதே சான்ஸில் ஷீல்ட் போடலாமா?

ஓரக்கண்_டிஎம் கேட்கிறார்:

சனிக்கிழமை ஆட்டத்தில் ஓகர் என்ற ராட்சதனோடு நடந்த சண்டையைவிட எனக்கும் என் சித்தி மகளுக்கும் நடந்த சண்டைதான் பெரிது. யாராவது பஞ்சாயத்து பண்ணிவிடுங்கள்.

டி&டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிப் புத்தகம். எல்லாரும் ஐந்தாம் லெவல். நான் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவன்), அவள் விஸார்ட் (மந்திரவாதி). பாழடைந்த கோட்டை முற்றத்தில் ஃபைட்டர் சுருண்டு கிடக்கிறான். இரண்டு டெத் சேவ் (உயிர் பிழைக்க உருட்டும் பகடை) தோற்றாயிற்று, மூன்றாவது போனால் ஆள் காலி. விஸார்டைச் சுற்றி மூன்று ஹாப்கோப்ளின்கள். அவளுக்கு மிச்சம் 9 ஹெச்பி (உயிர்ப் புள்ளி).

அவள் சான்ஸ் (டர்ன்) வந்தது; அதில் ஒரு ஆக்‌ஷன், கூடவே சிறு வேலைக்கு ஒரு போனஸ் ஆக்‌ஷன். போனஸ் ஆக்‌ஷனில் மிஸ்டி ஸ்டெப் (இடம் தாவும் மந்திரம்) போட்டு 30 அடி தள்ளிப் போய் நின்றாள். டெலிபோர்ட் என்பதால் ஹாப்கோப்ளின்கள் அடிக்க வழியில்லை. அங்கிருந்து ஃபைட்டரிடம் நடந்து போய், ஆக்‌ஷனில் அவன் வாயில் ஹீலிங் போஷன் ஊற்றுவது திட்டம். நல்ல திட்டம்தான், வழியில் ஓகர் நிற்பதை மட்டும் மறந்துவிட்டாள். அதைத் தாண்டிப் போகும்போது ஆப்பர்சூனிட்டி அட்டாக் (விலகிப் போகிறவர் மேல் விழும் இலவச அடி). உருட்டினேன்: 12, கூட ஒரு 6, மொத்தம் 18. மேஜ் ஆர்மர் மந்திரத்தோடு அவள் ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 15. கொஞ்சமும் பதறாமல் "ஷீல்ட்" என்றாள். ரியாக்‌ஷனில் (பிறர் செயலுக்கு உடனடி எதிர்வினை) போடும் அந்தத் தற்காப்பு மந்திரம் வந்தால் ஏசி 20, அடி படாது.

நான் முடியாது என்றேன். போனஸ் ஆக்‌ஷனில் ஸ்பெல் (மந்திரம்) போட்ட டர்னில் கேன்ட்ரிப் (லெவல் இல்லாத சின்ன மந்திரம்) தவிர வேறு எதுவும் கூடாது என்று படித்த ஞாபகம். 14 டேமேஜ். போஷன் பாட்டிலைப் பிடித்தபடியே விழுந்தாள்.

அப்புறம்தான் கேட்டாள்: "போன வாரம் ஃபயர்பால் போட்டுட்டு இதே மாதிரி ஓடினப்ப ஷீல்ட் போட்டேனே, அப்ப ஒத்துக்கிட்டீங்களே அண்ணா?"

உண்மைதான், ஒத்துக்கொண்டேன். மூன்றாம் லெவல் ஃபயர்பாலுக்குப் பிறகு ஷீல்ட் போடலாம், இரண்டாம் லெவல் மிஸ்டி ஸ்டெப்புக்குப் பிறகு கூடாது என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது. நான் எந்த வாரம் தப்பு பண்ணினேன்?

பக்கம்_புரட்டி:

இரண்டு வாரமும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அதுதான் கொடுமை.

2014 புத்தகத்தில் அந்த விதி போனஸ் ஆக்‌ஷன் மந்திரங்களைப் பற்றிய பத்தியில் மட்டும்தான் இருக்கிறது. போனஸ் ஆக்‌ஷனில் ஒரு மந்திரம் போட்டால், அதே டர்னில் வேறு மந்திரம் போடக் கூடாது. ஒரு ஆக்‌ஷன் பிடிக்கும் கேன்ட்ரிப்புக்கு மட்டும் விலக்கு. ஷீல்ட் கேன்ட்ரிப்பும் இல்லை, ஆக்‌ஷனும் இல்லை. ஓகர் அடித்தது உங்கள் தங்கச்சியின் டர்னுக்குள். ஆகவே முடியாது.

போன வாரம் அவள் போட்ட ஃபயர்பாலுக்கு ஆக்‌ஷன்தான் செலவு. போனஸ் ஆக்‌ஷன் மந்திரம் எதுவும் போடாததால் அந்தப் பத்திக்கே வேலை இல்லை. "ஒரு டர்னில் லெவல் உள்ள மந்திரம் ஒன்றுதான்" என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். 2014-இல் அப்படி ஒரு வரியே கிடையாது. ஃபைட்டர் வகுப்பிலும் இரண்டு லெவல் எடுத்த விஸார்ட் ஆக்‌ஷன் சர்ஜ் (கூடுதலாக ஒரு ஆக்‌ஷன் தரும் திறன்) வைத்து ஒரே டர்னில் இரண்டு ஃபயர்பால் வீசலாம். உங்கள் ஃபயர்பாலை எதிரி கவுன்ட்டர்ஸ்பெல் போட்டுத் தடுத்தால், அந்தக் கவுன்ட்டர்ஸ்பெல்லை உங்கள் ரியாக்‌ஷனில் நீங்களே கவுன்ட்டர் பண்ணலாம். எல்லாம் சட்டப்படி.

இன்னொன்று. நம் ஆட்களிடம் கேரம் போர்டு பழக்கம் போகாது. டர்னைச் "சான்ஸ்" என்போம், சில நேரம் "இந்த ரவுண்ட்" என்றும் சொல்லிவிடுவோம். இங்கே இரண்டும் வேறு. ரவுண்ட் என்பது எல்லாரும் ஒரு முறை ஆடி முடிக்கிற 6 விநாடி. விதி சொல்வது டர்னை. அவள் டர்ன் முடிந்து, ஓகர் தன் டர்னில் அடித்திருந்தால் தாராளமாக ஷீல்ட் போட்டிருக்கலாம். அதே ரவுண்ட், அதே ஓகர், அதே 18.

ஸ்லாட்_கணக்கு:

நாங்கள் 2024 புத்தகத்துக்கு மாறியதே இந்தச் சண்டையால்தான். அங்கே ஒரே கேள்விதான்: இந்த டர்னில் ஏற்கெனவே ஒரு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகும் இருப்பு) செலவழித்தாயா? ஆம் என்றால் இன்னொன்று செலவழிக்க முடியாது. ஆக்‌ஷனா, போனஸா, ரியாக்‌ஷனா என்ற பேச்சே இல்லை. ஆக, உங்கள் போன வார ஷீல்டும் போச்சு. தன் டர்னில் ஃபயர்பால் போட்டவர் அதைக் காப்பாற்றத் தானே கவுன்ட்டர்ஸ்பெல் போடுவதும் போச்சு; பக்கத்தில் இருக்கும் இன்னொருவர்தான் போட வேண்டும். ஆக்‌ஷன் சர்ஜில் கிடைக்கும் ஆக்‌ஷனை மந்திரத்துக்கு எடுக்கவும் தடை.

ஸ்லாட் செலவாகாத மந்திரத்துக்கு இந்தக் கணக்கு இல்லை. எங்கள் விஸார்டிடம் ஃபே-டச்ட் ஃபீட் (தனித் திறமை) இருக்கிறது. அதில் நாளுக்கு ஒரு முறை மிஸ்டி ஸ்டெப் ஸ்லாட் இல்லாமல் வரும். அப்படிப் போட்டால் அதே டர்னில் ஷீல்டுக்கு ஸ்லாட் செலவழிக்கலாம்.

ஆனால் உங்கள் தங்கச்சி 2024-ஐப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அங்கே ஹீலிங் போஷன் குடிப்பதும் ஊட்டுவதும் போனஸ் ஆக்‌ஷன். மிஸ்டி ஸ்டெப்பும் போனஸ் ஆக்‌ஷன். திட்டம் ஓகர் வரைக்கும்கூடப் போயிருக்காது.

கிழட்டு_மேஜ்:

நான் 3.5 பதிப்புக் காலத்து ஆள். ஒரு டர்னில் இரண்டாவது மந்திரம் வேண்டுமா, குவிக்கன் பண்ணு (மந்திரத்தை வேகப்படுத்து), அதற்கு நான்கு லெவல் மேலே உள்ள ஸ்லாட்டைக் கொடு. ஃபயர்பாலுக்கு ஏழாம் லெவல் ஸ்லாட்! எதிரி பக்கத்தில் நின்று சாதாரணமாக மந்திரம் போட்டாலே அடி விழும். அடி பட்டால் கான்சன்ட்ரேஷன் செக்: எட்ட வேண்டியது 10, அதோடு வாங்கிய டேமேஜ், அதோடு மந்திரத்தின் லெவல். தோற்றால் மந்திரமும் போச்சு, ஸ்லாட்டும் போச்சு. அதற்கும் முந்தின ஏடி&டியில் ஒரு ரவுண்ட் ஒரு நிமிடம், அதில் பத்து செக்மென்ட். ஃபயர்பாலுக்கு மூன்று செக்மென்ட் ஆகும். அதற்குள் எவனாவது ஒரு கல்லால் அடித்துவிட்டால் அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் "தாத்தா ஆரம்பிச்சுட்டார்" என்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் மந்திரம் போட நேரம் பிடிக்கும் என்பது ஆட்டத்திலேயே தெரியும். இப்போது அந்த வேலையைச் செய்வது இந்த ஒரு பத்திதான், அதுவும் அரைகுறையாக.

அந்த_விஸார்ட்:

நான்தான் விழுந்தவள். அண்ணா லிங்க் அனுப்பினார்.

விதி புரிந்தது, ஒத்துக்கொள்கிறேன். என் கோபம் விதி மேல் இல்லை. மிஸ்டி ஸ்டெப் என்று நான் சொன்ன நொடியிலேயே அண்ணாவுக்கு இந்த விதி தெரியும். அடுத்து நான் ஓகர் பக்கம் டோக்கனை நகர்த்துவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் விஸார்டுக்கு இன்டெலிஜென்ஸ் 18. இத்தனை வருடம் மந்திரம் படித்தவளுக்கு இந்தச் சான்ஸில் ஷீல்ட் வராது என்று தெரியாதா? எனக்குத் தெரியாமல் இருக்கலாம், அவளுக்குத் தெரியும். "ஷீல்ட் வராது, பரவாயில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சுற்றிப் போயிருப்பேன். 10 அடிதான் கூட.

ஓரக்கண்_டிஎம்:

சரி, அது என் தப்பு. டைஸ் உருட்டும் சுகத்தில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இனி யாராவது போனஸ் ஆக்‌ஷனில் மந்திரம் போட்டால் அவர் முன்னால் ஒரு சிவப்பு கேரம் காய் வைத்துவிடப் போகிறேன். டர்ன் முடியும்வரை அது அங்கேயே இருக்கும். இந்தக் கதை முடியும்வரை 2014 புத்தகம்தான், நடுவில் மாற்றினால் கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) ஆடுபவன் என்னைக் கொன்றுவிடுவான்.

ஆனால் விழுந்தது விழுந்ததுதான் தங்கச்சி. பின்னால் போய் மாற்ற மாட்டேன்.

அந்த_விஸார்ட்:

மாற்றச் சொல்லவில்லையே. ஆனால் இரண்டு பேர் கிடக்கிறோம், கிளெரிக் ஒருத்தன். ஹீலிங் வர்ட் ஒருவருக்குத்தான். ஃபைட்டர் இன்னொரு டெத் சேவ் தோற்றால் செத்தான்.

பக்கம்_புரட்டி:

கிளெரிக் சான்ஸ் ஃபைட்டருக்கு முன்னாலா? அப்படியானால் அதே பத்தியைத் திரும்பப் படியுங்கள். ஹீலிங் வர்ட் போனஸ் ஆக்‌ஷன், 60 அடி வரை எட்டும், அதை ஃபைட்டருக்குப் போடட்டும். மிச்சம் ஒரு ஆக்‌ஷன் இருக்கிறது, அதில் கேன்ட்ரிப் போடலாம். ஸ்பேர் தி டையிங் (சாகக் கிடப்பவரை நிலைப்படுத்துவது) ஒரு ஆக்‌ஷன் கேன்ட்ரிப், ஆனால் தொட்டுத்தான் போட வேண்டும். கிளெரிக் விஸார்டுக்கு எவ்வளவு தூரம்? அவனிடம் அது இருக்கிறதா?

ஓரக்கண்_டிஎம்:

அடுத்த சான்ஸ் அவனுடையதுதான். 20 அடி தூரம். ஸ்பேர் தி டையிங் முதல் லெவலிலிருந்தே வைத்திருக்கிறான், ஒரு தடவைகூடப் போட்டதில்லை. போகிற வழியில் ஓகர் இல்லை, இப்போதே பார்த்துவிட்டேன்.