கொம்பில் தடுக்கிய பிள்ளை

முக்கூடல் பக்கம், தொடக்கப்பள்ளி ஆசிரியை:

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆசிரியர்களுக்குத் தரும் பயிற்சிகளால் வகுப்பறையில் எதாவது மாறியிருக்கிறதா என்று இங்கே கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்று மாறியது. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

நாலாம் வகுப்பில் ஒரு பையன். ஆற்றில் எந்த மடுவில் எந்த மீன் கிடக்கும், எந்த மாசம் தண்ணி கலங்கி வரும் என்று மணிக்கணக்காகப் பேசுவான். புத்தகத்தை நீட்டினால் வாய் திறக்காது. 'கொக்கு' என்ற சொல்லில் விரலை வைப்பான். விரல் கொம்பிலேயே நிற்கும். எழுதச் சொன்னால் முதலில் க எழுதி, அதற்கு வலப்பக்கம் கொம்பும் காலும் போடுவான். நான் சிவப்பு மையில் சுழித்து 'கவனம் இல்லை' என்று எழுதினேன். ஒரு நாள் இல்லை, ஒன்றரை வருடம்.

அவனை வளர்ப்பது ஆச்சி. பீடி சுற்றுகிறவர். "வீட்டுல படிக்க வைங்க ஆச்சி"ன்னு சொன்னப்ப, "நான் கைநாட்டு தாயி. அவன் படிக்கத்தான் செய்தான். மண்டையில ஏற மாட்டேங்குன்னு ராத்திரி அழுவுதான்"ன்னாங்க. அப்பவும் எனக்கு உறைக்கவில்லை.

அந்த வருடம் வட்டார வள மையத்தில், அதாவது எங்கள் வட்டார ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும் இடத்தில், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றிப் பயிற்சி. அதற்கு முன்பும் இதே பொருளில் போயிருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடு, 2016 சட்டத்தில் 21 வகை, கற்றல் குறைபாடு (அறிவு இருந்தும் வாசிக்க, எழுதத் திணறுவது) அதில்தான் சேர்ந்தது என்று பார்த்து எழுதிக்கொண்டு வந்த நோட்டு இன்னும் இருக்கிறது. இருபத்தொன்றையும் ஒப்பிப்பேன். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையை மட்டும் பார்க்கத் தெரியவில்லை.

இந்த முறை வந்த சிறப்புப் பயிற்றுநர் ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்தார். கை தெரியாமல் ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து 'தோட்டம்' என்று எழுதச் சொன்னார். பென்சில் நினைத்த திசைக்குப் போகவில்லை. அந்த அம்மா பின்னால் நடந்துகொண்டே நாம் வகுப்பில் சொல்வதையெல்லாம் சொன்னார். "சீக்கிரம்." "பக்கத்துல முடிச்சிட்டாங்க பாருங்க." "கவனம் எங்க இருக்கு?" எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு தலைமையாசிரியர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் விளக்கினார். தமிழில் பெரும்பாலும் எழுதிய வரிசையிலேயே ஒலி வரும். ஆனால் கெ, கே, கை மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ இரண்டிலும் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் உட்காருகிறது. காதில் விழுகிற வரிசையும் கண்ணில் படுகிற வரிசையும் முட்டிக்கொள்கின்றன. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சீக்கிரமே பழகிவிடும், சிலருக்குப் பழகாது. அதோடு நம் பக்கத்துப் பேச்சில் பழம் 'பளம்'தான். காதை நம்பி எழுதுகிற பிள்ளைக்கு ழ எங்கிருந்து கிடைக்கும்?

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். கொம்பு மாறினாலே கற்றல் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது. கண், காது சரியாக இருக்கிறதா, பள்ளிக்கு ஒழுங்காக வந்தானா, எல்லாம் பார்க்க வேண்டும். "பேர் வைக்கிறது மருத்துவக் குழு வேல. தேதி போட்டுக் கவனிச்சு எழுதி வைக்கிறது நம்ம வேல."

அன்றைக்குச் சாயங்காலம் பேருந்தில் வரும்போது அந்த ஒன்றரை வருடச் சிவப்பு மைதான் கண் முன்னால் நின்றது.

மறுநாளே அட்டைகள் வெட்டினேன். க, த மாதிரி அகர எழுத்துகள் கறுப்பில், கொம்பும் காலும் பச்சையில், தனித்தனியாக. நான் 'கொ' என்று சொல்வேன். அவன் முதலில் க அட்டையை வைப்பான், பிறகு அவனே கொம்பை இந்தப் பக்கமும் காலை அந்தப் பக்கமும் நகர்த்துவான். தாம்பாளத்தில் ஆற்று மணல் பரப்பி விரலால் எழுதவைத்தேன். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறோமே, அதுபோல அவனுக்கும் வயதை விட்டுவிட்டு நிலையிலிருந்து தொடங்கினேன்.

உண்மையில் பயிற்சியைவிடப் பெரிய உதவி, அந்தப் பயிற்றுநர் இரண்டு வாரம் கழித்து என் வகுப்புக்கே வந்து கடைசியில் உட்கார்ந்ததுதான். போகும்போது கேட்டார்: "டீச்சர், கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கீங்கன்னு தெரியுமா?" கவனித்தால், நான் ஒரு மூச்சு கூட விடுவதில்லை. உடனே அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுவேன். அன்று முதல் மனசுக்குள் ஐந்து எண்ணுகிறேன். கை தூக்காத பிள்ளைகள் நாலைந்து பேர் தூக்க ஆரம்பித்தார்கள்.

கணக்கிலும் அவனுக்கு முட்டைதான். ஒருநாள் கேள்வித்தாளை நானே வாசித்துக் காட்டினேன். பிறகு சும்மா கேட்டேன், "ஆச்சி நாப்பது கட்டு போட்டா எத்தன பீடில?" கட்டுக்கு 25. யோசிக்கவே இல்லை. "ஆயிரம் டீச்சர்." வீட்டுக் கணக்கு அத்தனையும் அவன்தான் பார்க்கிறான். அவனுக்குக் கணக்கு தெரியும். கேள்வியை வாசிக்கத்தான் வரவில்லை.

ஐந்தாம் வகுப்பில் மருத்துவ முகாமுக்கு அனுப்பினோம். கற்றல் குறைபாடு என்று உறுதியானது. சான்றிதழ் கையில் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஒருவரும் கேட்கலாம். பெற்றோர் பலருக்கு இது தெரியாது. தயவுசெய்து சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

வணக்கம் டீச்சர். பார்வையற்றோருக்கு 1890-லும் காது கேளாதோருக்கு 1897-லும் பள்ளி தொடங்கிய ஊர் எங்களுடையது. அந்த ஊரில் இருந்துகொண்டு எனக்கு இந்தப் படிப்பு வர இருபது வருடம் ஆனது.

ஒன்பதாம் வகுப்பில் காதுக்கருவி போட்ட மாணவன். கருவி இருக்கிறதே, கேட்கும் என்று நினைத்தேன். கரும்பலகையைப் பார்த்தபடி எழுதிக்கொண்டே பேசுவது என் பழக்கம். ஒரு பயிற்சியில் ஒலியை அணைத்துப் பத்து நிமிடப் பாடம் ஒன்றைத் திரையில் ஓட்டிவிட்டு, கேள்வி கேட்டார்கள். திரையில் அந்த ஆசிரியர் திரும்பி நின்ற நேரமெல்லாம் எனக்கு வெற்றிடம். என் முதுகைப் பார்த்தே அவன் எத்தனை தேற்றங்களைக் கடந்திருப்பான் என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு எழுதி முடித்துத் திரும்பிப் பேசினேன். சன்னலுக்கு முன்னால் நிற்பதை விட்டேன், வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். உதட்டை மறைத்த மீசையைக் கத்தரித்தேன். மற்ற பிள்ளைகளும் பாடம் தெளிவாக இருக்கிறது என்றார்கள்.

ஆய்க்குடிப் பக்கம், ஒரு தாய்:

நான் ஆசிரியர் இல்லை, எழுதலாமா என்று தயங்கினேன். மகளுக்கு மூளை முடக்குவாதம். மாற்றுத்திறனாளிகளுக்காக 1981 முதல் இங்கே இயங்கும் அமர் சேவா சங்கத்தில் பயிற்சி எடுத்து, இப்போது ஊர்ப் பள்ளியிலேயே படிக்கிறாள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் பயிற்சிக்குப் போய்வந்தவங்க. நாற்காலியில் கால் ஊன்ற பலகை வைத்தாங்க, தாள் நழுவாமல் ஒட்டிக் கொடுத்தாங்க, பாதி எழுதி பாதி வாயால் சொல்லச் சொன்னாங்க. ஜூன் மாதம் அவங்களுக்கு மாறுதல் வந்துட்டு. புது டீச்சர் வந்ததும் எல்லாம் முதலிலிருந்து. பலகை ஸ்டோர் ரூமுக்குப் போயிட்டு. அவங்களையும் குறை சொல்ல முடியாது, யாரும் அவங்ககிட்ட எதுவும் சொல்லலை. என் பிள்ளை ஒண்ணுக்குப் போகணும்னா எப்படிக் கை காட்டுவாள்னுகூட. அன்னைக்கு அவள் நனைஞ்ச பாவாடையோடு வீட்டுக்கு வந்தாள்.

நீங்க கத்துக்கிட்டதை ஒரு தாளில் எழுதி அடுத்தவங்க கையில் கொடுத்துட்டுப் போங்க. ஒரே ஒரு தாள்.

முக்கூடல் பக்கம், தொடக்கப்பள்ளி ஆசிரியை:

அம்மா, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டான். நான் மாற்றுச் சான்றிதழை மட்டும்தான் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது எழுதிவிட்டேன். கேள்வித்தாளை ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். கொம்பும் காலும் வேறு நிறத்தில். கேட்டபின் ஐந்து எண்ண வேண்டும். எல்லோர் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம். இருபத்தைந்தாம் வாய்ப்பாடு தெரியும். ஆச்சியிடம் பேசுங்கள். என் செல் நம்பரையும் கீழே போட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பச்சை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு.