'தி ரூயின்ஸ்' முழுதாகப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

நண்பர்களே, 2008இல் வந்த 'தி ரூயின்ஸ்' படத்தை நேற்று ராத்திரி பாதியில் நிறுத்திவிட்டேன். மெக்சிகோவுக்குச் சுற்றுலா போனவர்கள் பழைய மாயன் பிரமிடின் உச்சியில் மாட்டிக்கொள்கிறார்கள். இறங்க விடாமல் ஊர்க்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள். பிரமிடில் படர்ந்திருக்கும் கொடியின் பூக்களே செல்போன் மணி போல ஒலிக்கும் இடத்தில் நிஜமாகவே உடம்பு சிலிர்த்தது. அப்புறம் அவர்களில் அடிபட்ட ஒருவரின் கால் எலும்பைக் கல்லால் உடைத்து, வாணலியைக் காய வைத்து... அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. ஆனால் கதை மனதை விட்டுப் போகவும் இல்லை.

மீதியிலும் இவ்வளவு ரத்தம்தானா? எந்த இடங்களில் கண்ணை மூடிக்கொள்ளலாம்? ஸ்காட் ஸ்மித் எழுதிய மூல நாவலுக்கு முடிவு வேறாமே, முதலில் அதைப் படிக்கட்டுமா? இரண்டும் தெரிந்தவர்கள், முடிவை மட்டும் உடைக்காமல் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். நன்றி.