சூளையீடு: ‘கோ-பிராசசிங்’ என்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கழிவை எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் சிமெண்ட் சூளையில் இடும் ‘கோ-பிராசசிங்’ முறைக்குச் சென்ற மடலில் நண்பர் முன்வைத்த ‘இணையெரிப்பு’ நல்ல சொல்தான். ஆனால் அது நிலக்கரியோடு வேறு எரிபொருளைச் சேர்த்து எரிக்கும் ‘கோ-ஃபயரிங்’குக்கு உரியது, சிமெண்ட் ஆலையின் ‘கோ-பிராசசிங்’குக்கு அதையே வைத்தால், அரியலூர்ப் பக்கத்து ஆலைப் பணியாளர்களுக்காக நான் தில்லியிலிருந்து தமிழாக்கிவரும் பயிற்சிக் கையேட்டில் இரு வேறு வேலைகள் ஒன்றாகிவிடும்.

இங்கே தாத்ரி அனல்மின் நிலையத்தில் 2017இல் வேளாண் கழிவு வில்லைகளை நிலக்கரியோடு சேர்த்து எரித்துக் காட்டினார்கள். வயலிலேயே வைக்கோலைக் கொளுத்துவதால் நவம்பரில் தில்லி படும் பாட்டை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கொதிகலனில் வெப்பம் மட்டுமே பயன். சாம்பல் மிஞ்சும், அதைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். சிமெண்ட் சூளையில் நடப்பது வேறு. ஏறத்தாழ 2000 பாகை செல்சியஸ் சுடரின் கீழே 1450 பாகையில், பிறகு சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கர் உருவாகும்போது, எரிந்த கழிவின் சாம்பலில் உள்ள சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆகியவை அதனோடு கலந்து சிமெண்டின் உடம்பாகவே ஆகிவிடுகின்றன. எரியும்போது எழும் அமில வாயுக்களின் பெரும்பகுதியைச் சூளையிலுள்ள சுண்ணாம்பே பிடித்துக்கொள்கிறது. இந்திய அரசின் 2016ஆம் ஆண்டுத் தீங்குதரு கழிவு விதிகளும் இந்த முறையை விளக்கும்போது, எரிபொருளுக்கோ மூலப்பொருளுக்கோ இரண்டுக்குமோ கழிவு ஈடாவதையே அடையாளமாகக் கொள்கின்றன.

ஆற்றல் தணிக்கைக்காக ராஜஸ்தானில் ஓர் ஆலைக்குச் சென்றிருந்தபோது, கன்வேயர் பட்டையில் ஏறிவந்த கழிவைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கிழிந்த சாக்கு, பால் பாக்கெட், செருப்பு ரப்பர் எல்லாம் விரலளவாக நறுக்கப்பட்டு, முந்தின நாள் மழையில் நனைந்து கனத்துக் கிடந்தன. மறுமுனையில் குளிர்விப்பானைத் தாண்டி வந்த கிளிங்கரை அள்ளிப் பார்த்தால் கருஞ்சாம்பல் நிற உருண்டைகள் மட்டுமே. அவற்றில் சாக்கும் இல்லை, செருப்பும் இல்லை. இதை வெறும் ‘எரிப்பு’ என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொரு பரிந்துரையான ‘இணைச்செயலாக்கம்’ சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. எதனோடு எது இணைகிறது, எது செயலாகிறது என்று ஷிப்டில் நிற்பவர் கேட்டால் அந்தச் சொல்லில் விடை இல்லை.

நான் முன்வைப்பது ‘சூளையீடு’. சென்ற ஞாயிறு இராமகிருஷ்ணபுரம் வீட்டில் அம்மா, “ரெண்டாவது ஈடும் எடுத்தாச்சு, சாப்பிட வா” என்று கூப்பிட்டபோதுதான் இது தோன்றியது. இட்லிப் பானையில் ஒரு தடவை இடும் அளவு ஈடு. ஒன்றுக்குப் பதிலாக நிற்பதும் ஈடு. சூளைக்குள் இடுவது, நிலக்கரிக்கும் மூலப்பொருளுக்கும் பதிலாக இடுவது என்னும் இரண்டையும் அந்த ஒரு சொல் தாங்குகிறது. முதலீடு, ஒதுக்கீடு, காப்பீடு என்று பழகிய வாய்க்கு இது புதிதாகவும் இராது. இரும்பு உருக்கும் ஊதுலையில் நெகிழிக் கழிவைச் செலுத்தும் முறை ஜப்பானில் 1990களிலேயே வந்துவிட்டது. அதை ‘உலையீடு’ எனலாம்.

இதையொட்டி, சூளைக்கு வேண்டிய வெப்பத்தில் நிலக்கரிக்குப் பதிலாகக் கழிவு தரும் பங்கைக் குறிக்கும் ‘தெர்மல் சப்ஸ்டிடியூஷன் ரேட்’ என்பதை ‘வெப்ப ஈட்டு விகிதம்’ எனலாம். இதில் ‘வெப்ப’ என்ற அடையை விட்டுவிடக் கூடாது. ஒரு கிலோ கிளிங்கருக்கு நம் ஆலைகளில் ஏறத்தாழ 700 முதல் 750 கிலோகலோரி செலவாகிறது. கழிவில் ஊறிய நீரிலோ, கொதிநிலையில் ஒரு கிலோவை ஆவியாக்கவே 540 கிலோகலோரி வேண்டும். நனைந்த கழிவு பத்து டன் போட்டோம், பத்து டன் நிலக்கரி மிச்சம் என்று எடையை வைத்துக் கணக்கெழுதுபவரை அந்த ஓர் அடைமொழியே தடுத்து நிறுத்தும்.

‘ஈட்டு’ என்றால் ‘ஈட்டிய விடுப்பு’ நினைவுக்கு வராதா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். வீடு வீட்டு ஆவதுபோல ஈடு ஈட்டு ஆகிறது. ‘ஈட்டுத்தொகை’ வழக்கில் இருக்கும்போது குழப்பம் வராது என்றே எண்ணுகிறேன். ‘சூளை’ என்றதும் செங்கல் சூளையின் புகைதானே கண்ணில் நிற்கும் என்ற அவருடைய மறுப்புதான் வலுவானது. சிமெண்ட் சூளையான சுழலும் நீள உருளையை ஆலைக்காரர்கள் ‘கில்ன்’ என்றே சொல்கிறார்கள். ஆயினும் ‘கில்னீடு’ என்று ஒட்டவைக்க முடியாது. ‘சுழற்சூளை’ என்று கையேட்டின் முதல் இயலிலேயே படத்தோடு விளக்கிவிட்டால் போதும் என்பது என் முடிவு.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். செங்கல் சூளையிலோ சுண்ணாம்புக் காளவாயிலோ ஒரு தடவைக்கு ஏற்றும் அளவை உங்கள் ஊரில் என்னவென்று சொல்கிறார்கள்? ‘ஈடு’ அங்கும் வழங்குமானால் அதையே சான்றாகக் காட்டிக் கையேட்டில் சேர்த்துவிடுவேன்; வேறு சொல் இருந்தால் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.

அன்புடன்,
தில்லியிலிருந்து